ட்ரெலோர் சாரின் ஜோடி

என் பேர் ரே. நான் பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகளை ஏற்றுவேன், இறக்குவேன், சீட்டில் சூயிங்கம் ஒட்டியவனைக் கண்டுபிடித்து அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவேன். அதோடு என் வேலை முடிந்தது. பறவைகளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கூரிங்வேல் பள்ளிக்கூடம் ஏரிச் சரணாலயத்துக்குப் போய்வந்த கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன வாரம் பப்பில் ஒருவன் என்னிடமே வந்து, ஈமுதான் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்ததாமே என்று கேட்டான். என் பஸ்ஸை! அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

இது அதற்கு முந்தைய வருடமே தொடங்கிய வினை. அந்த வருடச் சுற்றுலாவில் ட்ரெலோர் சார் ஒரு பையனைச் சரணாலயத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பையன் கழிப்பறையில் ஒரு தவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இருட்டுவதற்குள் கிடைத்துவிட்டான் என்றாலும், தவளையும் கையுமாக அவன் படம் பேப்பரில் வந்துவிட்டது. தலைமையாசிரியை ஹாஸ்கிங் அம்மா சாரைக் கூப்பிட்டு, "இன்னொரு பிள்ளைய விட்டுட்டு வந்தீங்கன்னா, அப்புறம் உங்களுக்கு வகுப்பு கிடையாது. ஸ்டோர் ரூம்ல உக்காந்து சாக்பீஸுக்குப் பாடம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டார். மனுஷன் நல்லவர்தான். பாடம் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரர். என்ன, எதையாவது யோசிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது.

பையன் தொலைந்ததற்குக் காரணம் பச்சைக் காட்டுக்குள் பச்சைச் சீருடை போட்டதுதான் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவானது. கழிப்பறைக்குள் இருந்தவன் என்ன நிறத்தில் இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. பெற்றோர் சங்கத் தலைவர்தான் எங்கள் ஃபுட்டி கிளப்புக்கும், அதாவது ஊர்க் கால்பந்து கிளப்புக்கும் தலைவர். எங்கள் ஊரில் எந்தப் பிரச்சினைக்கும் மருந்து ஃபுட்டிதான். மழை பொய்த்துவிட்டதா, ஒரு மேட்ச் வை. புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டையா, மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போ. அவர் எழுந்து, "நம்ம சின்னப்பசங்க டீமோட ஜெர்சிய எல்லாப் பிள்ளைகளுக்கும் மாட்டி விடுங்க. ஒரு மைல் தள்ளி நின்னாலும் தெரியும்" என்றார். கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. சந்தன நிறத்தில் பழுப்புப் பட்டை போட்ட ஜெர்சி. மேலிருந்து கீழாகப் பட்டை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெலோர் சாரும் தன் பங்குக்கு ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். தலையை எண்ணுவதெல்லாம் பழைய பஞ்சாங்கமாம். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோர்த்துக்கொள்ள வேண்டும். அவர் "ஜோடி!" என்று கத்தினால் கோர்த்த கையை அப்படியே உயர்த்த வேண்டும். உயர்ந்த கைகளை எண்ணினால் போதும், வேலை பாதியாகக் குறைந்துவிடும். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. "ஜோடி தொலஞ்சிட்டா என்ன செய்யணும்?" என்று கேட்பார். "நின்ன இடத்துலயே நிக்கணும்! ஜோடி தேடி வரும்!" என்று பிள்ளைகள் ஊரே அதிரக் கத்துவார்கள்.

ஒரே ஒரு சிக்கல். வகுப்பில் பதினேழு பிள்ளைகள். அந்தப் பதினேழாவது, ஹேட்டி.

ஹேட்டி குளிர்காலத்தில் வந்து சேர்ந்த புதுப்பெண். அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அவள் வந்தபோது எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி அமைந்துவிட்டிருந்தது. அதனால் எதற்கெடுத்தாலும் அவளுக்கு ஜோடி சார்தான். மூன்று கால் ஓட்டப்பந்தயத்தில்கூடச் சாரின் காலோடு கட்டிவிட்டார்கள். சார் யோசனையில் வேறு பக்கம் திரும்பிவிட்டார், குழந்தை குப்புற விழுந்தாள். தினமும் காலையில் பஸ் ஏறியதும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டைக் காட்டி, "ரே, இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்பாள். யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உனக்காகத்தான் போட்டு வெச்சிருக்கேன், உக்காரு" என்பேன்.

அன்று காலையும் பஸ்ஸில் கைகோர்க்கச் சொன்னதும், ஆர்ச்சி என்கிற வாயாடி பின்னால் திரும்பி, "ஹேட்டி, உன் புருஷன் வர்றாரு பாரு!" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. "டேய், இன்னொரு வார்த்தை பேசினே, ரேடியேட்டர்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவேன்" என்று நான் போட்ட போடில் அடங்கினான். ஹேட்டி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இன்னைக்கு என்னை விட்டுடாம இருப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "விடவே மாட்டேன்" என்றார் சார். சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கில்தான் இருந்தது.

சரணாலய வாசலில் வனக்காவலர் டாரல் காத்திருந்தார். தொப்பி போடாதவன் உள்ளே வரக்கூடாது, பாம்பைக் கண்டால் கல்லெறியக்கூடாது என்று வழக்கமான புராணம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள ஒரு ஈமு இருக்கு. கவுன்சிலர்னு பேரு. ரோட்டுக்கு நடுவுல வந்து நிப்பாரு, ஒண்ணும் செய்ய மாட்டாரு, கேட்டா முறைப்பாரு. அதான் அந்தப் பேரு. இப்ப கொஞ்சம் மனசு சரியில்லாம இருக்காரு. ஈமுல ஆம்பளைதான் அடைகாக்கும், ஆம்பளைதான் குஞ்சை வளர்க்கும். பொண்டாட்டி முட்டையைப் போட்டுட்டுத் தன் பாட்டுக்குப் போயிடுவா."

"புத்திசாலி" என்றேன் நான்.

"இந்த வருஷம் குஞ்சு பொரிச்சாரு ரே. நரி ஒண்ணையும் விட்டு வைக்கல. அன்னையில இருந்து ஏரியைச் சுத்திச் சுத்தித் தேடிட்டு நடக்கறாரு. பாக்கவே பாவமா இருக்கும். அந்தக் குஞ்சுங்க அவ்வளவு அழகு. சந்தனக் கலரு, அதுல மேல இருந்து கீழ வரைக்கும் பழுப்பா பட்டை பட்டையா..."

டாரலின் வாய் அப்படியே நின்றது. வரிசையில் நின்ற பிள்ளைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"சார்... இந்தச் சட்டை யாரோட ஐடியா?"

பதில் சொல்ல நேரமில்லை. புதருக்குப் பின்னாலிருந்து கவுன்சிலர் வந்துவிட்டார்.

அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. பறவைக்கு முகத்தில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தெரிந்தது. என் உயரத்துக்கு நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு ஜெர்சியாகப் பார்த்தது. தொண்டைக்குள்ளே பெரிய பானையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு நேராக வரிசையின் முன்னால் போய் நின்று, திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, நடக்க ஆரம்பித்தது. பிள்ளைகளும் கையைக் கோர்த்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். சார் ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தியும் நேராகாத வரிசை அது. அன்று கோடு போட்ட மாதிரி போனது.

ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டை போட்டிருந்த ட்ரெலோர் சார், "நில்லுங்க! நில்லுங்க!" என்று குறுக்கே ஓடினார். கவுன்சிலர் நின்றது. ஏதோ நரியைப் பார்த்த மாதிரி அவரை ஏற இறங்கப் பார்த்தது. உறுமிக்கொண்டு ஓர் உதை விட்டது. அது சாரின் மேல் படவில்லை, அவர் பையில் பட்டது. பை ஏரிக்குள் போய் விழுந்தது. சார் விசிலை எடுத்து ஊதினார். கவுன்சிலர் விசிலைக் கொத்தி விழுங்கிவிட்டது. அத்தோடு அவர் அதிகாரம் முடிந்தது.

"ஓடாதீங்க சார்! ஓடினா தொரத்தும்!" என்று டாரல் தூரத்தில் நின்று கத்தினார். ஆபத்து நேரத்தில் தூரத்தில் நிற்பதில் டாரலை மிஞ்ச ஆளில்லை. "அவங்க அவரோட பிள்ளைங்க சார் இப்ப! நீங்களும் பிள்ளையா ஆனாத்தான் கிட்ட விடும்!"

பஸ்ஸில் உபரியாக ஒரு ஜெர்சி இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தைத்தது. அதைச் சாருக்குள் நுழைப்பதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, டயர் மாற்றுவது அதற்குத் தேவலாம். ஒருவழியாகத் தலை வெளியே வந்தது. பனியனும் மேலே சுருண்டுகொள்ள, தொப்புள் மட்டும் உள்ளே போக மறுத்துவிட்டது. அந்தக் கோலத்தில், மூச்சுவிட முடியாமல், குனிந்து குனிந்து வரிசையை நெருங்கினார். கவுன்சிலர் வந்து முகர்ந்து பார்த்தது. பட்டை இருக்கிறது. பிள்ளைதான். கொஞ்சம் மந்தமான பிள்ளை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். அலகால் முதுகில் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில், ஜோடி இல்லாமல் நின்ற ஹேட்டியின் பக்கத்தில் நிறுத்தியது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அவர்கள் கைகோர்த்த பிறகுதான் முன்னால் போனது.

"சார், அவருக்கு நம்ம ரூல் எல்லாம் தெரிஞ்சிருக்கு!" என்றாள் ஹேட்டி. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு நடந்ததுதான் சுற்றுலா. கவுன்சிலர் ஒரு புதர் அருகில் நின்று காயைக் கொத்தித் தின்று காட்டும், பிள்ளைகள் மூக்கை நீட்டிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் சட்டென்று அசையாமல் நின்றது, பிள்ளைகளும் மூச்சடைத்து நின்றார்கள், முன்னால் ஒரு பழுப்புப் பாம்பு நிதானமாகப் பாதையைக் கடந்து போனது. பின்னால் வந்த சார் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். கவுன்சிலர் திரும்பிப் பார்த்தது. வகுப்பில் பேசுகிற பையனை வாத்தியார் பார்ப்பாரே, அந்தப் பார்வை. சார் வாயை மூடிக்கொண்டார். ஆர்ச்சி என் காதில், "ரே, இவரையே டீச்சரா வெச்சுக்கலாமா?" என்றான்.

ஏரிக்கரையில் மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து, கவுன்சிலர் சாண்ட்விச் பரிசோதனை செய்தது. வெஜிமைட் என்கிற கறுப்பு உப்புப் பசை தடவியதெல்லாம் பறிமுதல். அங்கே பறவைகளை ஒளிந்திருந்து பார்க்க ஒரு மரக்குடில் உண்டு. சுவரில் கண்ணளவுக்கு நீளமாக ஒரு சந்து விட்டிருப்பார்கள். கூழைக்கடா பார்க்க வேண்டும் என்று ஹேட்டி கேட்க, சார் அவளை அதற்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. ஹாஸ்கிங் அம்மா.

தொப்புள் தெரிகிற ஜெர்சியில் நின்றுகொண்டு தலைமையாசிரியையிடம் பேசுவது அந்த மனுஷனால் ஆகாது. அவர் பேசுவதுதான் கேட்கும், பார்க்க முடியாது என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. "ஹேட்டி, இங்கயே இரு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஜெர்சியைக் கழற்றிக்கொண்டே சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினார்.

அதே நேரத்தில்தான் டாரல் ஒரு வாளி ஆப்பிளோடு என்னிடம் வந்தார். "ரே, நான் இதைக் காட்டி அவரை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போறேன். நீ பிள்ளைங்களப் பஸ்ல ஏத்திக் கிளம்பிடு. விட்டா ராத்திரிக்கு இவங்களக் கூட்டிட்டுப் போய்ப் புதர்ல படுக்க வெச்சிடுவாரு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வாளி போனது. கவுன்சிலர் பின்னால் போனது. "ஓடுங்கடா!" என்றேன். பட்டை ஜெர்சிகள் பறந்து வந்து பஸ்ஸில் ஏறின. என் பின்சீட்டில் யாரோ தண்ணீர்ப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சார் மேட்டிலிருந்து நேராகப் பஸ்ஸுக்கு ஓடிவந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, "ஜோடி!" என்று கத்தினார். கைகள் உயர்ந்தன. எட்டு ஜோடி. "சரியா இருக்கு. ரே, கிளப்புங்க!"

கிளப்பினேன். முதல் வளைவு திரும்பியதும் ரோட்டுக்கு நடுவில் கவுன்சிலர் நின்றுகொண்டிருந்தது.

ஹாரன் அடித்தேன். அசையவில்லை. விளக்கைப் போட்டு அணைத்தேன். அசையவில்லை. ஜன்னலைத் திறந்து, எங்கள் வீட்டு ஆடு மாடெல்லாம் கேட்டால் மிரளும் வார்த்தைகளில் திட்டினேன். அது என்னைச் சட்டையே செய்யாமல், பஸ்ஸைச் சுற்றி நடந்து ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தது. கடைசி ஜன்னல்வரை பார்த்துவிட்டு மறுபடி முன்னால் வந்து நின்று, அந்தப் பானைச் சத்தத்தை எழுப்பியது.

"சாண்ட்விச் கேக்குது சார்!" என்றது ஒரு பிள்ளை. மிச்சமிருந்த சாண்ட்விச் எல்லாம் வெளியே பறந்தன. திரும்பியும் பார்க்கவில்லை. "ஜெர்சியக் கழட்டிட்டா நம்மள மறந்துடும்!" என்றது இன்னொன்று. சார் உத்தரவு போட, சீருடைக்கு மேல் மாட்டியிருந்த பதினாறு ஜெர்சியும் ஜன்னல் வழியாக ரோட்டில் விழுந்தன. கவுன்சிலர் குனிந்து அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தது. எதையோ தேடியது. கிடைக்காமல் இன்னும் சத்தமாக உறுமியது.

"என்னதான் வேணும் இதுக்கு?" சார் அழாத குறை. "எல்லாரும் இருக்காங்க! இன்னொரு தடவை எண்ணறேன் பாருங்க. ஜோடி!"

கைகள் உயர்ந்தன. சார் விரலை நீட்டி எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். எட்டு.

ஆர்ச்சி, தன் கையை உயர்த்தியபடியே, "சார், நீங்க கை தூக்கல" என்றான்.

சாரும் ஏதோ ஞாபகத்தில் தன் இடது கையைத் தூக்கினார். அந்தக் கை தனியாக நின்றது. அதன் மறுமுனையில் யாரும் இல்லை. மனுஷன் அந்த உள்ளங்கையையே பார்த்தார். நான் சட்டென்று திரும்பி என் பின்சீட்டைப் பார்த்தேன். தண்ணீர்ப் பெட்டிகள்.

"கதவ... கதவத் திறங்க, ரே..."

முழுதாகத் திறப்பதற்குள் குதித்துவிட்டார். சட்டையும் இல்லை, ஜெர்சியும் இல்லை, பனியனோடு ஓடினார். நரி என்று நினைத்து இது மனுஷனைக் கிழித்துப்போடப் போகிறது என்று நான் பதறினேன். கவுன்சிலர் அவரை ஒன்றும் செய்யவில்லை. வழிவிட்டது. பிறகு தானும் திரும்பி, அவரைத் தாண்டி, அவருக்கு முன்னால் ஓடியது. பிள்ளைகளை இறங்காதே என்று அதட்டிப் போட்டு, காலி வாளியோடு அப்போதுதான் வந்து சேர்ந்த டாரலைக் காவலுக்கு நிறுத்திவிட்டு நானும் பின்னால் ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் கடைசியாக ஓடியது எப்போது என்று கேட்காதீர்கள்.

ஹேட்டி குடிலுக்குள் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை. சந்து வழியாகக் கவுன்சிலர் தலையை உள்ளே நீட்டியிருந்தது, அவள் இரண்டு கையாலும் அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜோடி தொலஞ்சா நின்ன இடத்துலயே நிக்கணும்னு சொன்னீங்கல்ல, சார்" என்றாள். "நின்னேன். பஸ் கிளம்பற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் நின்னேன்."

ட்ரெலோர் சார் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து, குழந்தையைப் போலத் தேம்பி அழுதார். நானும் அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஹேட்டி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கழுத்தை விட்டுவிட்டு வந்து சாரின் கையை எடுத்துத் தன் கையில் கோர்த்தாள்.

"நான் பிடிச்சுக்கறேன் சார். நீங்க விட்டா, உங்களுக்கே வழி தெரியாது."

பஸ்ஸுக்குத் திரும்பியதும் ஆர்ச்சி எழுந்து, தண்ணீர்ப் பெட்டிகளைத் தூக்கித் தன் சீட்டில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போய்ப் பின்னால் நின்றுகொண்டான். ஹேட்டியும் சாரும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். "ஜோடி!" என்று சார் சொன்னார். ஒன்பது கைகள் உயர்ந்தன. ஒன்பதாவது கொஞ்சம் கோணலாக இருந்தது. சார் நெட்டை, அவள் குட்டை.

கவுன்சிலர் மறுபடி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தது. முடித்துவிட்டு ரோட்டோரமாக ஒதுங்கி நின்றது. நான் கியரைப் போட்டேன். பஸ் நகர்ந்ததும், அது பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தது. பிறகு ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

"ரே, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று ஹேட்டி கத்தினாள். நிறுத்தினேன். அவள் ஜன்னலைத் திறந்து உடம்பில் பாதியை வெளியே நீட்டினாள். ஜெர்சி போட்டிருந்த ஒரே பிள்ளை அவள்தான்.

"நில்லு! அங்கயே நில்லு! நின்ன இடத்துலயே நிக்கணும். நாங்க தேடி வருவோம்." பிறகு உள்ளே திரும்பி, "சார், வருவோம்ல?" என்று கேட்டாள்.

"வருவோம்" என்றார் சார்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கல. வருவோம்."

கவுன்சிலர் நின்றது. வாசலைத் தாண்டி, தார்ச்சாலை ஏறி, மேடு மறைக்கிற வரைக்கும் நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். ரோட்டுக்கு நடுவில், விட்ட இடத்தை விட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தது.